ஆளுக்கொரு ஜன்னல்

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் யார் வீட்டு ஜன்னல் உடைந்தாலும் அது அவரவர் தலையெழுத்து. கண்ணாடிக்காரர் கடையில் இருக்க மாட்டார். 'நாளை வரவும்' என்று ஷட்டரில் சாக்பீஸால் எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பக்கத்துக் கடை பெயிண்ட்காரர் இதைக் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது. "ஊருக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை லீவு, உமக்கு மட்டும் வியாழக்கிழமை அரை நாளா?" என்பார். கண்ணாடிக்காரர் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமென்று அவருக்கே தெரியாது.

அறுபதை நெருங்கும் வயது. விரல்களில் தழும்பில்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பதினாலு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். கண்ணாடியின் மேல் கட்டரால் ஒரு கோடு இழுத்து அடியில் லேசாகத் தட்டினால், ஒழுங்காகப் பிளக்குமா, காலை வாருமா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஜன்னல், அலமாரிக் கதவு, மீன் தொட்டி, கல்யாண போட்டோவுக்குச் சட்டம், எல்லாம் செய்வார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாராவது தப்பான அளவோடு வந்து நின்றால், "அளந்தீங்களா, இல்ல கனவு கண்டீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். அதெல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது யார் எந்த அளவைக் கொண்டுவந்தாலும், ஒரு வார்த்தை பேசாமல், தானே போய் இன்னொரு தரம் அளந்துவிட்டு வருகிறார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடி முகப்புக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை வந்தது. அவருடைய ஒரே மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவோடு தொழிலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தூக்கிப் பொருத்தப் போனால் கண்ணாடி சட்டத்துக்குள் இறங்கவில்லை; அரை அங்குலம் இடித்தது. "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நில்லுடா" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கீழே இறங்கினார். கொத்தனாரைப் பிடித்து, சுவரைக் கோணலாகக் கட்டி வைத்திருக்கிறாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். மகன் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவன் நின்ற பலகைதான் நிற்கவில்லை. திட்டு பாதியில் இருக்கும்போதே கண்ணாடியும் பையனும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். சுவர் சரியாகத்தான் இருந்தது. முந்தின நாள் வந்து அளவெடுத்துப் போனவர் கண்ணாடிக்காரர்.

உயிர் தப்பியது. கழுத்துக்குக் கீழே, வலது கையில் இரண்டு விரலைத் தவிர, மற்றதெல்லாம் கட்டிலோடு கட்டிலாகிவிட்டது. தலையிலும் அடி. பேச்சு குழறி, ஒரு சொல் வெளியே வருவதற்குள் கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும். "அவருக்கு எவ்வளவு புரியும்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிறகு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டில் யாருக்கு நேரம் இருந்தது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். அவன் நல்ல உயரம். தூக்குகிறவர்களுக்குத்தான் அந்த உயரத்தின் அருமை தெரியும்.

மனைவிக்கு ஒரு லாட்ஜில் சலவைப் பகுதியில் வேலை. விடியற்காலையில் போய், படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கிவிட்டு மதியம் திரும்புவாள். அதுவரை மகன் அவர் பொறுப்பு. மதியத்துக்கு மேல் அவள் பொறுப்பு. கடையும் வீடும் ஒரே கட்டிடத்தில் முன்னும் பின்னுமாக இருந்ததால் பிழைத்தார்கள். ஆள் மேலே படுத்திருக்கும்போதே அடியில் இருக்கும் விரிப்பை உருவிப் புதியதைப் போடுவதில் அவளுக்கு நிகர் ஆஸ்பத்திரியில்கூட யாரும் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, பாதி நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது வாசல்படியில்தான். "சாப்பிட்டான்", "இடது பக்கம் படுக்க வச்சிருக்கேன்", "மாத்திரை குடுத்தாச்சு". ஒரு கல்யாணத்தில் பேசிக்கொள்ள இவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமைதோறும் இவர்கள் போகிற தர்காவைப் பற்றி முதலில் சொன்னவள், சலவையில் மனைவியோடு வேலை பார்த்தவள். பழைய பஸ் பணிமனைக்குப் பின்னால், மரத்தடியில், வெள்ளையடித்த சின்னக் கட்டிடம். உள்ளே ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கியிருந்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் யார் வீட்டுச் சண்டையானாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர்த்து வைப்பார்களாம். அதனால் அங்கே புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதுதான் வழக்கம். பெரியவர் பக்கத்துச் சுவரில் ஆண்களுக்கு ஒரு கம்பி ஜன்னல், அந்த அம்மா பக்கத்துச் சுவரில் பெண்களுக்கு ஒரு கம்பி ஜன்னல். கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். ஒருவர் கேட்பது இன்னொருவர் காதில் விழாது.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஒரு ஒல்லி மனிதர் இருந்தார். எல்லோரும் அவரை விளக்குக்காரர் என்றார்கள். முதல் நாள் இவர்களை நிறுத்தி அவர்தான் விதியைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே கேக்கணும். அப்பத்தான் உள்ள இருக்கிற ரெண்டு பேரும் சேர்ந்து ஆண்டவன்கிட்ட எடுத்துச் சொல்லுவாங்க. நீங்க ஒண்ணு, அவங்க ஒண்ணு கேட்டா, எதுவும் நடக்காது, அப்படியே நின்னுடும். வெளிய வந்து, நீ என்ன கேட்ட, நீங்க என்ன கேட்டீங்கன்னு பேசிக்கவும் கூடாது."

"எங்களுக்குக் கேக்குறதுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றாள் மனைவி.

முதல் இரண்டு வருடம் கண்ணாடிக்காரரும் அந்த ஒன்றைத்தான் கேட்டார். அவன் எழுந்து நடக்கணும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனசு உருகித்தான் கேட்டார். அதில் பொய் இல்லை.

மூன்றாவது வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு அம்மாவைப் பார்த்தார். எண்பது வயதிருக்கும். சக்கர நாற்காலியில் அவள் மகன். அவனுக்கே தலை நரைத்திருந்தது. பிஸ்கட்டை டீயில் நனைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியதில் பாதி அவன் சட்டையில் விழுந்தது. சும்மா இருக்காமல் கண்ணாடிக்காரர் பேச்சுக் கொடுத்தார். எத்தனை வருஷமா இப்படி என்று கேட்டார்.

"நாப்பத்தோரு வருஷம்" என்றாள் அந்த அம்மா. "எனக்கு அப்புறம் இவனை யாரு திருப்பிப் போடுவான்னு நினைச்சா, சாகவே பயமா இருக்குய்யா."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் நாற்பது வருடம் அவர் இருக்கப் போவதில்லை. மகன் இருப்பான். அந்த வார வியாழக்கிழமை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வழக்கமான சொல் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. 'எங்களுக்கு முன்னாடி அவனைக் கூப்பிட்டுக்குங்க. தூங்கும்போது, வலியில்லாம.'

தகப்பன் கேட்கிற வேண்டுதலா இது? திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் விளக்குக்காரர் சொன்ன விதி ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர் ஒன்று, இன்னொருவர் வேறு என்றால் எதுவும் நடக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். அவன் நடக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கும்வரை இவர் கேட்பதால் அவனுக்கு ஒரு மயிரும் உதிராது. அப்பாடா என்றிருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் ஒன்பது வருடம் கேட்டார். சில வாரம் அழுதுகொண்டு, சில வாரம் பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி. கேட்டுவிட்டு வெளியே வரும்போது நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சுகம் மரத்தடியில் மனைவியைப் பார்க்கிற வரைக்கும்தான். கண்ணெல்லாம் சிவந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவாள். நேரே கடைத்தெருவுக்குப் போவாள். மகனுக்கு ஏதாவது வாங்காமல் ஒரு வியாழக்கிழமையும் வீடு திரும்பியதில்லை. ஒரு வாரம் சீப்பு, ஒரு வாரம் கட்டம் போட்ட சட்டை, ஒரு வாரம் காலுறை. ஒரு முறை ஷூவே வாங்கினாள், நாடா வைத்த ஷூ. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை மாட்டிக்கிட்டு எந்த ஆபீசுக்குப் போகப் போறான்?"

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

"கால் வீங்கிக் கிடக்கு, உள்ளயே நுழையாது."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல?"

அவளுடைய நம்பிக்கையை அவர் வெறுத்தார். இதை மென்று முழுங்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் வாங்கிவந்த ஒவ்வொரு பொருளும், 'நான் தாய், நீ யார்?' என்று அவரைக் கேட்பதாகவே இருந்தது. அவள் பரிசுத்தமானவள், அவர் பாவி. ஒரே கூரைக்கு அடியில் ஒரு பரிசுத்தமானவளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கொடுமை என்பது நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உப்புக் குறைந்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். அவளும் சளைத்தவள் இல்லை; பாத்திரம் பேசும். இத்தனையும் மகனின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான். அவனுக்குத்தான் ஒன்றும் புரியாதே.

வியாழக்கிழமைகளில் இவர்கள் போய்வரும்வரை மாடி வீட்டு அக்கா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். "போயிட்டு நிதானமா வாங்க. நாங்க ரெண்டு பேரும் கிரிக்கெட் பாக்கப் போறோம்" என்பாள். இவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறாள் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்வார்.

இப்படியிருக்கும்போதுதான் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணச் சளி என்று நினைத்தார்கள். இரண்டு நாளில் நெஞ்சு முழுக்கக் கட்டிக்கொண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் வாயில் எல்லாம் குழாய். மறுநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. மனசைத் தேத்திக்குங்க" என்றார்.

இத்தனை வருடம் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. ஆள் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? கண்ணாடிக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். மகனின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும், ஏறு, ஏறு என்று அவர் உதடு முணுமுணுத்தது. மறுநாள் வியாழக்கிழமை. மதியம் ஆனதும் அவர் மனைவியின் தோளைத் தொட்டார். அவளைத் தொட்டுப் பேசி எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியாது.

"நீ கிளம்பு. தர்காவுக்குப் போயிட்டு வா. நான் இவன்கூட இருக்கேன்."

"நான் போகலீங்க."

"போம்மா. நீ கேட்டாத்தான் நடக்கும். இத்தனை வருஷம் உன் வேண்டுதல்தான் அவனைப் பிடிச்சு வச்சிருக்கு. நல்லா அழுது கேளு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டில் விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி நீவி மடித்தாள்.

"நான் அதைக் கேக்கலீங்க" என்றாள்.

"எதை?"

"அவன் நல்லாகணும்னு நான் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு. நமக்கு முன்னாடி அவன் போயிடணும்னுதான் கேட்டேன். வாரா வாரம் அதைத்தான் கேட்டேன்."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்புறம் சட்டை, ஷூவெல்லாம்...?"

"அதைக் கேட்டுட்டு வெறுங்கையோட அவன் முகத்துல எப்படிங்க முழிக்கிறது?"

இங்கே அவர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். அவருக்கு வந்தது ஆத்திரம். "நீ ஒரு தாயாடி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உன்னை நம்பித்தானடி நான் கேட்டேன்! நீ அந்தப் பக்கம் நின்னு காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுத்தானே வாயைத் திறந்தேன்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்களுமா?"

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் உங்களை நம்பித்தான் கேட்டேன்" என்றாள். "உங்களால அவனை விட முடியாதுன்னு நினைச்சேன். நீங்கதானே அவனை மேல நிக்க வச்சுட்டு இறங்குனீங்க, எப்படியும் அவன் எந்திரிக்கணும்னுதான் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். கட்டிலில் மகன் கண்ணை மூடிக் கிடந்தான். இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். வருடக்கணக்காக, ஒரு வாரம் தவறாமல் கேட்டிருக்கிறார்கள். நடுவில் குறுக்கே நிற்க யாருமே இல்லை.

மாடி வீட்டு அக்காவுக்கு போன் போட்டு வரவழைத்துவிட்டு, இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். செருப்பைக் கழற்றக்கூட நிதானம் இல்லை. கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் போகாமல், எண்ணெய்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்த விளக்குக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டதைத் திரும்ப எடுத்துக்கலாமா? ரெண்டு பேரும் ஒண்ணா கேட்டுட்டோம். எடுத்துக்க வழி இருக்கா?"

"என்ன ரெண்டு பேரு? என்ன ஒண்ணு?" விளக்குக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சங்கடமாகச் சிரித்தார். "அதுவா? அது நான் சொல்றதுய்யா. முன்னாடியெல்லாம் கேட்டது நடக்கலைன்னா ஜனங்க இங்க வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க. புருஷன் பொண்டாட்டி ஒண்ணா கேட்டாத்தான் நடக்கும்னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் அவங்களே வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் பழி சொல்லிக்கிறாங்க. இங்க தொந்தரவு இல்ல. பெரியவங்க அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லிட்டுப் போகல."

கண்ணாடிக்காரர் அவர் கையை விட்டார். அடிக்கலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜன்னலுக்குப் போனார். அன்றைக்குக் கேட்டதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்லியிருப்பார். அவன் இருக்கட்டும். எப்படியாவது இருக்கட்டும். அந்தப் பக்கம் அவள் கேட்டதும் அதுதான். அன்றைக்கு அவள் கதறியதில் சுவரைத் தாண்டி அவள் குரல் கேட்டது.

பெரியவர் செய்தாரோ, மருந்து செய்ததோ, மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டருக்கு ஒரே பெருமை. "இத்தனை வருஷத்துல முதுகுல ஒரு புண் இல்ல. இதயம் இரும்பு மாதிரி இருக்கு. இதே மாதிரி பாத்துக்கிட்டா இன்னும் முப்பது வருஷம் கவலை இல்ல" என்று கண்ணாடிக்காரரின் முதுகில் தட்டினார். இருவரும் கைகூப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அந்த முப்பது என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. முதல் நாள் மகனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். இரண்டாம் நாள் அவனைத் திருப்பிப் போடும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஒன்று மட்டும் ஆகவில்லை. இனி ஒருவரை ஒருவர் வெறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கினார். எழுத வேண்டியதை எழுதினார். உள்ளே வந்தவர் கிளம்பாமல் மகனுக்கு முகம் மழிக்க உட்கார்ந்தார். அவளும் சேலை மாற்றவில்லை. சமையலறைக்குள் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பாதிக் கன்னம் முடிந்திருந்தது. மகன் வாயைத் திறந்தான்.

"போ..."

வழக்கமாக அவன் முதல் எழுத்தைச் சொன்னதுமே இவர்கள் மீதியைச் சொல்லிவிடுவார்கள். "போதுமா?" "போர்த்தணுமா?" என்று வரிசையாகக் கேட்பார்கள். அவனும் ஏதாவது ஒன்றுக்குக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவான். அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்குப் பேசுகிற தெம்பில்லை. ரேசரைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

"போக... லையா?"

"இல்ல தம்பி. இன்னைக்குப் போகல."

மகனுடைய கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போய்விட்டு வரலாம். ஆனால் சொல்லிக்கொண்டே போனான். "ஆஸ்பத்திரி... ல... பேசினது... கேட்டுச்சு."

சமையலறையில் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எனக்கு... சாக... வேண்டாம்ப்பா."

நுரை அவன் தாடையில் இருந்து கழுத்துக்கு வழிந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை அவருக்கு.

"வியாழக்கிழமை... அக்கா வருவாங்க. நல்லா... பேசுவோம். அக்கா... காத்திருந்து... கேப்பாங்க. நீங்க... போங்க. வேற... ஏதாவது... கேளுங்க."

கண்ணாடிக்காரருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். 'அப்ப நாங்க?' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அவன் கஷ்டம் தீரட்டும், அவன் வலி தீரட்டும் என்று ஒன்பது வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் யாருக்காக என்பது அப்பட்டமாகத் தெரிந்துபோனது. கட்டிலில் கிடந்தவனுக்கு அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை. அவசரம் இவர்களுக்குத்தான் இருந்தது. அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

மாடி வீட்டு அக்கா வந்தபோது மறு கன்னமும் முடிந்திருந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னடா, போன மேட்ச்ல உன் ஆள் சொதப்பிட்டானே?" என்றாள். மகன் சிரித்தான். அவன் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. யாரைப் பார்த்து அப்படிச் சிரிப்பான் என்பதைத்தான் அன்றைக்குப் பார்த்தார்கள்.

மகன் சொல்லிவிட்டானே என்று கிளம்பினார்கள். தர்காவில் விளக்குக்காரர் இவர்களைக் கண்டதும் எண்ணெய்க் குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஆளுக்கொரு பக்கம் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்தார். அவன் எழுந்து நடக்கணும் என்று கேட்க வாய் வரவில்லை. அது நடக்காது என்று அவருக்குத் தெரியும். பழையதை இனிக் கேட்க முடியாது. ரொம்ப நேரம் நின்றார். பின்னால் நின்றவர் இருமிக் காட்டினார். நகர்ந்து வழி விட்டார்.

அவள் ஏற்கெனவே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்பதெல்லாம் இனி யாருக்கு?

"என்ன கேட்ட?" என்றார்.

"நூறு வயசு கேட்டேன்."

"அவனுக்கா?"

"இல்லீங்க" என்றாள் அவள். "நமக்கு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிறுத்தத்தில் இருந்தவர்கள், பாவம், வீட்டில் யாரோ செத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.